சுவிட்ச்போர்டிலிருந்து தொடங்குகிறேன்

ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு டெஸ்க்டாப் ஓட ஆரம்பித்துவிட வேண்டும். கடையில் ரெடியாகக் கிடைப்பதை வாங்காமல், பாகம் பாகமாக வாங்கி நானே அசெம்பிள் செய்யப்போகிறேன். இதுதான் முதல் தடவை. குத்தாலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இதுவரை வீட்டில் கம்ப்யூட்டர் என்று இருந்தது தங்கையின் பழைய லேப்டாப் ஒன்றுதான்.

அப்பா தவில் வாசித்தவர். திருவிழாவிலும் கல்யாணங்களிலும் அவர் வாசித்ததை யார் யாரோ டூ-இன்-ஒன் செட்டில் பதிவு செய்து கொடுத்த கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. உறையில் அவர் கையெழுத்தில் ஊர், நாகஸ்வரக்காரர் பெயர், ராகம் எல்லாம் எழுதியிருக்கிறார். சில நாடாக்களில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று மழைக்காலம் அந்தப் பெட்டியிலேயே கிடந்தால் எது மிஞ்சும் என்று சொல்ல முடியாது. அதற்குள் அவற்றை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடத்தான் இந்த அவசரம்.

கம்ப்யூட்டர் கட்டுவது பற்றி எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதலில் ப்ராசஸர், அடுத்து கிராபிக்ஸ் கார்டு என்றுதான் போகிறது. நான் சுவிட்ச்போர்டிலிருந்து தொடங்கினேன். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். கேசட்டை அவசரப்படுத்த முடியாது. நாடா செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும். 90 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கம் 45 நிமிடம், முழுசாக ஓடித்தான் தீர வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். தேய்ந்துபோன நாடா இன்னொரு ஓட்டத்தைத் தாங்குமா என்பது தெரியாது.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். மல்டிமீட்டரை எடுத்துப் பேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், 224 காட்டியது. பேஸிலும் எர்த்திலும் வைத்தார், 90 பக்கமாக நிலையில்லாமல் ஆடியது. எர்த் சரியாக இருந்தால் அங்கேயும் ஏறக்குறைய அதே 224 வந்திருக்க வேண்டும். "எர்த் கம்பி போர்டு வரைக்கும் வந்திருக்கு தம்பி, மண்ணுக்குத்தான் போய்ச் சேரலை" என்றார்.

இது ஏன் முக்கியம் என்றால், கம்ப்யூட்டர் பாகங்களுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்டுவதற்கென்று சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவை பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் இரும்புக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்த வழியாகக் கசியும் கொஞ்ச மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் பாதி வோல்டேஜில், கிட்டத்தட்ட 115-ல் மிதக்கும். பின்பக்கத்தைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதாகப் பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. எர்த் கெட்டிருந்தால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், அதாவது ஹம், பதிவுக்குள் ஏறிவிடும். பிறகு சாப்ட்வேரில் அதை வெட்டி எடுக்கலாம்தான். ஆனால் தவிலில் கழியால் வாசிக்கும் பக்கமான தொப்பியின் கும்மென்ற நாதம் இருப்பதும் அந்தக் கீழ்ப்பகுதியில்தானே! ஹம்மை வெட்டும்போது அப்பாவின் தொப்பியிலும் கொஞ்சம் போய்விடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

எனவே முதல் செலவு எர்த் குழிக்கு. கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரம் காயாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறோம். பைப், கரி, உப்பு எல்லாம் அண்ணனே கொண்டுவருகிறார். கம்ப்யூட்டர், மானிட்டர், கேசட் டெக், டெக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்பேஸ் நாலும் ஒரே போர்டிலிருந்துதான் கரண்ட் எடுக்கும். வேறு வேறு இடத்தில் செருகினால், எர்த் வழியாகவே ஒரு சுற்று உண்டாகி ஹம் வர வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது கரண்ட் கட். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யுபிஎஸ் எதற்கு என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் இருந்தாலும் கரண்ட் நின்ற பிறகு சுமார் 16 மில்லி செகண்டு தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டர் சாதாரண மோடில் பேட்டரிக்கு மாற அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கலாம். யுபிஎஸ் மோடில் போட்டால் சீக்கிரம் மாறும், ஆனால் லோ வோல்டேஜ் வந்தாலே பேட்டரிக்குத் தாவிவிடும். கோடையில் சுற்றுவட்டாரத்து பம்புசெட்டெல்லாம் ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டு டியூப்லைட் மினுக்குவதை வைத்துப் பார்த்தால், பேட்டரி பாதி நாள் உழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் ஒன்று தனியாக, 1000 விஏ அளவில். பேட்டரியில் ஓடும்போது லைன் கரண்ட் மாதிரியே வளைந்து ஏறி இறங்கும் சைன் வேவ் தருவதாக இருந்தால் நல்லது. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட் உள்ள எஸ்எம்பிஎஸ் சில, மலிவான யுபிஎஸ் தரும் சதுர அலையைக் கண்டால் அணைந்துவிடுகின்றன. எஸ்எம்பிஎஸ் 450 வாட்ஸ் தாராளம். அதன் லேபிளில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன்.

இந்தக் கரண்ட் தொல்லைக்கு லேப்டாப்பே மேல் என்று தங்கை சொன்னாள். அவளுடைய லேப்டாப்பில் ரேம் போர்டோடு சால்டர் ஆகியிருக்கிறது, பேட்டரி உப்பிவிட்டது. டெஸ்க்டாப்பில் எது போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய ஹார்ட் டிஸ்கையும் உள்ளேயே வைக்கலாம்.

மற்ற பாகங்களில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. ப்ராசஸர் ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட்ஸ், கூலர் பெட்டியிலேயே வரும், டிஸ்ப்ளேவுக்குப் போதுமான கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. விலை குறைவு என்று 7500எஃப் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கடைசி 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது. இன்டெலிலும் அதே கதைதான். மதர்போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, ப்ராசஸர் உட்காரும் இடம் ஏஎம்5 சாக்கெட். இதில் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. விரல் படாமல் மெதுவாக இறக்க வேண்டிய இடம் அதுதான். ரேம் டிடிஆர்5 மட்டுமே ஏறும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. மெமரி கம்பெனிகள் ஏஐ டேட்டா சென்டர்கள் பக்கம் திரும்பிவிட்டன. 32 ஜிபி ஆசையை விட்டுவிட்டு 16 ஜிபியோடு நிறுத்திக்கொண்டேன். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாப்ட்வேரில் இரண்டு சேனல் பதிவுக்கு அதுவே ஜாஸ்தி.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியைச் செகண்டுக்கு 48,000 தடவை அளந்து செய்வதாக முடிவு. 96-ல் செய்யச் சொல்கிறார்கள். சாதாரண கேசட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது, 48-லேயே அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடலாம். 90 நிமிட கேசட் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி ஆகும், 96 என்றால் 3 ஜிபியைத் தாண்டும். சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, பதிவுகளுக்கு உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், அதன் நகல் திருச்சியில் தங்கை வீட்டில். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரையும் அலமாரியும் போன வீடுகளைப் பார்த்தவன் நான். ஒரே வீட்டில் எல்லா நகலையும் வைக்க மனசு வரவில்லை.

கேபினட்டுக்கு அழகு பார்க்கவில்லை. சம்பா வளரும் காலத்தில் சாயங்காலம் லைட் போட்டால் போதும், பச்சைத் தத்துப்பூச்சி மொய்த்துவிடும். ஃபேன் அதை உள்ளே இழுக்கும். அதனால் முன்னாலும் அடியிலும் கழற்றிக் கழுவக்கூடிய வலை வேண்டும், வண்ண விளக்கு வேண்டாம். பின்பக்கத்து ஸ்லாட் மூடிகள் திறந்தே இருந்தால் பல்லி குடியேறும். எந்த மூடியையும் கழற்றித் தூக்கி எறியப்போவதில்லை. தரையில் வைக்காமல் மேஜை மேல், வெளிச்சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அந்தச் சுவர் கார்த்திகை வரை ஓதம் காக்கும்.

மொத்தமும், மானிட்டர் நீங்கலாக, 65,000 ரூபாய்க்குள் அடக்கப் பார்க்கிறேன். யுபிஎஸ்ஸும் எர்த் குழியும் இதில் சேர்த்திதான். பாகங்கள் வந்ததும் நேரே கேபினட்டுக்குள் பூட்டாமல், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஆன் செய்து பார்ப்பேன். டிடிஆர்5 முதல் தடவை மெமரியைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், பயந்து அணைக்கக் கூடாது என்று தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வருகிற ஞாயிற்றுக்கிழமை குழி வெட்ட வருகிறார். மீட்டரில் பேஸும் எர்த்தும் ஒழுங்காகக் காட்டியதும் ப்ராசஸரும் போர்டும் ஆர்டர் போட்டுவிடுவேன். கேசட் டெக்கின் ஹெட்டை அதற்குள் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ரப்பர் பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும். எந்தக் கேசட்டை முதலில் போடுவது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. பூசணம் பிடிக்காத ஒரு மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் உருப்படி, பதிவான கேசட்டை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டார்.