ஊட்டி மைனஸ் போகும்போது பெட்டிக்குள் எத்தனை டிகிரி?

ஜனவரி வந்தால் போதும், தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிற படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்துவிடும், கூடவே 'ஊட்டியில் மைனஸ்' என்று ஒரு வரி. அன்றைக்கே வானிலை நிலையத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்த்தால் சாவகாசமாக 3, 4 என்று இருக்கும். எது பொய்?

ரெண்டும் பொய்யில்லை. நிலையத்தில் வெப்பமானி இருப்பது ஸ்டீவன்சன் பெட்டிக்குள். வெள்ளையடித்த மரப்பெட்டி, சுற்றிலும் சாய்வுப் பலகைகள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரம். காற்று உள்ளே போய்வரும், வெயில் படாது. (வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர்.) அது அளப்பது காற்றின் சூட்டை. பனி உறைவதோ புல்லின் மேல். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் புல், கார் கூரை எல்லாம் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, நாலடிக்கு மேலே இருக்கிற காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே குளிர்ந்துவிடும். போதாததற்கு, குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று வருஷா வருஷம் அதே பெயர்கள் செய்தியில் வருவது இதனால்தான். மேட்டில் குடியிருப்பவர் 'எங்க பக்கம் ஒண்ணும் இல்லையே' என்பார், அதுவும் நிஜம்.

எனக்கு ஒரு நாள் எண்ணைவிட நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வரிசைதான் சுவாரசியம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாட்களில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது, மத்தியானத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. ஜனவரியில் பகல் 20 டிகிரி பக்கம் போய் நல்ல வெயில் காயும், ராத்திரி 5, 6க்கு இறங்கிவிடும், சில நாள் அதற்கும் கீழே. உடம்பைக் கேட்டால் நவம்பர்தான் கொடுமை என்று சொல்லும், பதிவேடு ஜனவரியைக் காட்டும். நடுவில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகி மேகம் மூடினால் குறைந்தபட்சம் சட்டென்று ஏறி, உறைபனி அப்படியே நின்றுபோகும். 'இந்த வருஷம் குளிரே இல்லப்பா' என்று யாராவது சொன்னால், அவர் பாதி புகார் சொல்வது மேகத்தைப் பற்றித்தான்.

தரையின் குளிரை அளக்கவும் தனியாக ஒரு வெப்பமானி உண்டு, கத்தரித்த புல்லின் மேல் கிடத்தி வைப்பார்கள். செய்தி போடுகிறவர்கள் 'தரைமட்டத்தில்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அப்புறம், இது வெறும் எண் சண்டையும் இல்லை. தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடி வைத்து மூடுவதும், தாழ்வான தோட்டங்களில் தேயிலை கருகுவதும் தரைக் குளிரால்தான். கொழுந்து கருகி நிற்கிறவரிடம் போய் 'பெட்டிக்குள்ள 3 டிகிரிதாங்க இருந்துச்சு' என்று சொல்லிப் பாருங்கள்.