காற்றாடிமலையில் ஒரு கல்

புனிதர் தேவசகாயத்தின் திருத்தலங்களைப் பார்க்க, பாறசாலையிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. நான் போவதாகவே இல்லை. பங்கில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் கணக்குப் பேச்சு முற்றி, ஆறு மாதமாக அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுப்பதில்லை. பெரியம்மா விடவில்லை. "சும்மா மலைக்காத்து வாங்கிட்டு வா மக்களே" என்றாள். ஏறிப் பார்த்தால், என்னோடு மல்லுக்கு நின்ற அண்ணனும் முன் சீட்டில்.

களியக்காவிளை தாண்டி முதலில் நட்டாலம். கிறிஸ்தவராக மாறியதற்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் 1712இல் பிறந்த ஊர். ஜெபித்துவிட்டு உடனே கிளம்பிவிட்டோம்.

புலியூர்க்குறிச்சியில்தான் எனக்கு மனம் நின்றது. கைதியாகக் காவலர்கள் கொண்டுபோகையில் தாகத்தில் தேவசகாயம் முழங்கையால் இடிக்க, நீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை அங்கே இருக்கிறது. எல்லோரும் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க, எனக்கு நினைப்பெல்லாம் பக்கத்து உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கும் டச்சுப் படைத்தலைவர் டிலனாய் மேல். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். மாடும் பயிரும் போய் நொந்துகிடந்த நீலகண்ட பிள்ளைக்கு எல்லாம் இழந்தும் கடவுளை விடாத, பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னது அவர்தான். தோற்றுப்போய் அந்நிய மண்ணில் கிடந்தவருக்கு, இன்னொருவர் முகவாட்டம் கண்ணில் பட்டிருக்கிறது! அந்தப் பிள்ளைதான் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அன்புக்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் தூண்டிவிடச் சொல்கிறது எபிரேயர் திருமுகம். நாங்கள் தூண்டுவது குறை சொல்லித்தான். நானும் சேர்த்தியே.

ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று காற்றாடிமலையில் ஆளைத் தள்ளியது. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம். பெரியம்மா என் தோளைப் பிடித்தபடி பைய ஏறினாள். மேலே மணியடிச்சான் பாறை. அவர் உயிர் போனபோது மணிபோல ஒலித்ததாம். கல்லால் தட்டினால் இப்போதும் கணீரென்கிறது. அண்ணன் தட்டிவிட்டு, கைச்சூடு ஆறாத அந்தக் கல்லை என்னிடம் நீட்டினார்.

"நீயும் ஒண்ணு அடிடே."

அடித்தேன். அவர் அடித்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. சரி, பழக்கமில்லை.

கீழே வேன் நிழலில் பெரியம்மா வாழையிலைப் பொதியை அவிழ்த்தாள். மரச்சீனியும் மீன்கறியும். ஒரே இலையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, அவள் பாட்டுக்கு வேறு பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் முள்ளெடுக்கிற வேலையில் இருவரும் மும்முரமாக இருந்தோம்.

"செவ்வாய்க்கிழமை ஒருத்தர டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போணும். ஆளில்ல."

"எத்தன மணிக்கு?"

"ஆறரைக்கே ஆட்டோ வந்திரும்" என்றார்.