நிரப்பாமல் விட்ட 34 வட்டங்கள்

நேற்று வகுப்பில் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். விடை எனக்குத் தெரியும், கிட்டத்தட்ட. அந்தக் 'கிட்டத்தட்ட'தான் பிரச்சினை. வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் தப்பாக எதையோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். தப்பாகச் சொல்லிவிட்டு ஒருவனால் சிரிக்க முடிகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நீட் பழக்கிய பழக்கம். 2023இல் ஒரு தடவை, 2024இல் ரிப்பீட்டராக இன்னொரு தடவை எழுதினேன். சரியான விடைக்கு 4, தவறானால் மைனஸ் 1. கோச்சிங் சென்டரில் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. மறுநாள் ஒட்டும் பட்டியலில் யாருக்கு எவ்வளவு நெகட்டிவ் என்பது மட்டும் சிவப்பில் இருக்கும். "உறுதியாகத் தெரியலைன்னா தொடாதே" என்பார் இயற்பியல் சார். இயற்பியலைவிட இதுதான் மண்டையில் நன்றாக ஏறியது. இரண்டாவது தடவை 180இல் 34 வட்டங்களை நிரப்பாமலே வந்தேன்.

முடிவு வந்தது ஜூன் 4. தேர்தல் முடிவு வந்த அதே நாள். பத்து நாள் கழித்து வரவேண்டியது, திடீரென்று வந்துவிட்டது. கூடத்தில் டிவியில் முன்னிலை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. 720க்கு 720 வாங்கியவர்கள் மட்டும் 67 பேராம். அம்மா கேட்டபோது "இன்னும் வரலைம்மா" என்றேன். அந்தப் பொய்யோடு ராத்திரி வரை ஓட்டினேன்.

அப்புறம் புள்ளியியல் சேர்ந்தேன். போன மாதம் கணித எதிர்பார்ப்பு நடத்தினார்கள், அதாவது திரும்பத் திரும்பச் செய்தால் சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்கும் கணக்கு. சும்மா நீட் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் சராசரியாக +0.25 வருகிறது. இரண்டு விடைகளைக் கழித்துவிட்டுக் குத்தினால் +1.5. நான் விட்ட 34இல் ஒரு 20ஆவது அப்படி இரண்டில் எது என்று தெரியாமல் விட்டதுதான். 30 மதிப்பெண்! சராசரிதான், உத்தரவாதம் இல்லை. சீட் கிடைத்திருக்கும் என்றும் சொல்லவரவில்லை. ஆனால் மைனஸ் ஒன்றைச் சிவப்பில் காட்டியவர்கள் யாரும் இந்த ஒருவரிக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. நானும்தான் போடவில்லை. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்திலேயே இருந்த பாடம் இது, அதுதான் எரிச்சல்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ திரும்ப எழுதுறியா?" என்றார்.

"இல்லைம்மா."

யோசிக்காமல் நான் பதில் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.