நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன்

“பனியில யார் நடந்தாலும் தடுமாறத்தான் தம்பி செய்வாங்க” என்றார், நான் வழிநடத்திப் போன ட்ரெக்குக்கு மகளோடு வந்திருந்தவர். அதை மறுக்க முடியாது. உத்தராகண்டிலுள்ள கேதார்காந்தா மலையின் உச்சிக்குக் கிளம்பும் நேரம், விடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. சமையல் டென்ட்டில் விரித்திருந்த தார்ப்பாயின் மேல் நேர்கோட்டில் நடக்கச் சொல்லியிருந்தேன், ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து. இரண்டு தடவை பக்கவாட்டில் சாய்ந்தார். தார்ப்பாய்க்கு அடியில் மிதிபட்டு இறுகிய பனி மேடும் பள்ளமுமாக இருந்தது. காலில் கனத்த பூட்ஸ், கண்ணில் தூக்கக் கலக்கம், வயதோ ஐம்பதுக்கு மேல்.

உயரத்தில் மூளையில் நீர் கோத்துக்கொண்டால் நடை தள்ளாடும், புத்தியும் மங்கும். அதற்குத்தான் அந்தச் சோதனை. முந்தின நாள் மாலையிலிருந்தே தலைவலி என்று மகள்தான் சொன்னாள், அவர் வாயே திறக்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 78 சதவீதம்தான் என்று ஆக்சிமீட்டர் காட்டியது. விரல் விறைத்திருந்தால் அது குறைத்துக் காட்டும். அவர் விரல்கள் ஐஸாக இருந்தன.

“சரி சார், நீங்க கீழே இறங்கிடுங்க” என்றேன். அப்புறம் வாதாடினார், கோர்வையாக, கொஞ்சம் சத்தமாகவே. அந்தப் பிடிவாதம் நோயின் அறிகுறியா, அவருடைய சுபாவமா? சில நாள் பழக்கத்தில் எப்படிச் சொல்வது?

ட்ரெக்குக்கு வருகிறவர்கள் என்னிடம் பனிச்சரிவைப் பற்றித்தான் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். 2022 அக்டோபரில் இதே உத்தரகாசி மாவட்டத்தில், திரௌபதி கா டண்டா மலையில், பயிற்சிக்குப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவில் இறந்தார்கள். தலைவலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் வரும், தூங்காவிட்டால் வரும், மூளை வீங்கினாலும் வரும். குளிரில் தாகமும் தெரியாது. போதாததற்கு, ட்ரெக் தொடங்கும் ஊரான, சுமார் 6,400 அடியிலுள்ள சங்க்ரியிலிருந்து இரண்டே நாளில் 11,000 அடிக்கு ஏற்றிப் படுக்கவைக்கிறோம். உடம்பு பழக அது போதாது என்பதே என் எண்ணம்.

இருட்டில், வழுக்குகிற பாதையில் ஒருவரை இறக்குவதும் ஆபத்துதான். விடியட்டும் என்று படுக்கவைத்திருக்கலாம். ஆனால் நிஜமாகவே மூளை வீக்கமாக இருந்தால் அந்தச் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போகலாம். அனுபவமுள்ள உள்ளூர் கைடு ஒருவரோடு, ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் அனுப்பிவைத்தேன். மகளை உச்சிக்குக் கூட்டிப்போனேன். “அப்பாவுக்கு ஒண்ணும் இல்லல்ல அண்ணா?” என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மதியம் கீழ் கேம்பில் அவர் ராஜ்மாவும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா, நல்லாத்தானே இருக்கேன்? பொண்ணுகூட அங்க நிக்கணும்னுதான் வந்தேன்” என்றார். இறங்கியதால் சரியானதா, முதலிலேயே ஒன்றுமில்லையா? இறக்குவதே இந்த நோய்க்கு முதல் மருந்து. குணமாகி உட்கார்ந்திருப்பவரிடம் எதைக் காட்டி நிரூபிப்பது? மேலே கூட்டிப்போயிருந்தால் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை.

இப்போதெல்லாம் சங்க்ரியிலேயே, விடுதியின் சிமென்ட் தரையில், எல்லாரையும் அப்படி நடக்கவைத்துப் பார்த்துவிடுகிறேன். இயல்பாகவே தள்ளாடுகிறவர் யாரென்று முன்கூட்டியே தெரியுமே. அவரையும் அப்படிப் பார்த்திருந்தால் என் முடிவு மாறியிருக்குமா? தலைவலியையும் அந்த 78-ஐயும் வைத்தே இறக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ராஜ்மா தட்டோடு அவர் கேட்டபோது சொல்ல ஒரு பதிலாவது இருந்திருக்கும்.