பதினோராவது பிட்: தொலைநிலையங்களுக்கு மோடம் தேர்ந்தெடுத்த அனுபவம்

எங்கள் பொறுப்பில் இருந்தவை ஆளில்லாத நீரேற்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய பிஎல்சி (கருவிகளை இயக்கிக் கண்காணிக்கும் தொழிற்சாலைக் கணினி) இருக்கும். தொட்டி மட்டம், பம்பு ஓட்டம், மோட்டார் சூடு, மின்சாரம் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். அதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நாங்கள் பார்க்க வேண்டும். தனிக் கேபிள் இழுக்க முடியாத தூரம். செல்பேசி சிக்னலும் நம்பும்படி இல்லை. ஆனால் எல்லா நிலையத்திலும் செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு இருந்ததால் டயல்-அப்தான் (தொலைபேசியில் அழைத்துத் தரவு பெறும் முறை) என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. எந்த மோடம் (தரவைத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிப் பெறும் கருவி) என்பதை முடிவுசெய்யத்தான் ஏறக்குறைய ஓராண்டு ஆனது.

முதலில் வாங்கியது மேசைக் கணினிக்கான மோடம். பெட்டியில் 56கே (நொடிக்கு 56 ஆயிரம் பிட்) என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அந்த வேகம் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு முனை தொலைபேசி வலையோடு டிஜிட்டலாக இணைந்திருந்தால்தான், அதுவும் ஒரு திசையில்தான், அந்த வேகம் கிடைக்கும். இரண்டு முனையும் சாதாரண அனலாக் இணைப்பு என்றால் வி.34 என்ற மோடம் தரம் தரும் 33,600 பிபிஎஸ்தான் (நொடிக்கு 33,600 பிட்) உச்சம். எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. நாற்பது ஐம்பது ரெஜிஸ்டர்களை (பிஎல்சி தன் அளவுகளை வைத்திருக்கும் நினைவிடங்களை) படிக்க 9600 தாராளம். வேகம் கூடக்கூட மோடம்கள் ஒன்றையொன்று அளந்து இணங்கும் நேரமும் கூடும். அவசர எச்சரிக்கை அனுப்பவேண்டிய இடத்தில் அந்த நொடிகள் வீண்.

மழைக்காலம் முடிவதற்குள் மோடம்கள் ஒவ்வொன்றாக உறைய ஆரம்பித்தன. மணி அடிக்கும், எடுக்காது. நிலையங்களைச் சுற்றிவரும் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "சார், பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினா உடனே சரியாயிடுது. ஆனா அதுக்கு ஒவ்வொரு தடவையும் நான் அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கு." எந்தக் கையேடும் சொல்லாத முதல் விதியை அவர்தான் எனக்குச் சொன்னார். ஆள் போகாமல் தானே எழுந்து வராத மோடம் ஆளில்லா நிலையத்துக்கு உதவாது. அன்றுமுதல் உள்ளே வாட்ச்டாக் (உறைந்துபோனால் தானே மறுதொடக்கம் செய்யும் காவல் அமைப்பு) இல்லாத எதையும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதையும் முழுதாக நம்பாமல், மோடத்துக்குப் போகும் 24 வோல்ட்டை பிஎல்சியின் ஒரு ரிலே (மின் சுவிட்ச்) வழியாகக் கொடுத்தோம். பன்னிரண்டு மணி நேரம் எங்களிடமிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை என்றால் பிஎல்சியே பத்து நொடி மின்சாரத்தை வெட்டித் திரும்பக் கொடுக்கும். அமைப்புகள் அழியாமல் சேமிக்கப்பட்டு, மின்சாரம் வந்ததும் அவையே ஏறுகின்றனவா என்று ஒவ்வொரு மாதிரியிலும் சோதித்தோம். ஒன்றில் அவை ஏறவில்லை. அதை அன்றே திருப்பி அனுப்பினோம்.

அடுத்து எங்களை அதிகம் அலைக்கழித்தது அந்தப் பதினோராவது பிட். தொழிற்சாலைத் தரத்தில் ஒரு மோடம் வந்தது. உலோக உறை, டின் ரெயிலில் (பேனலுக்குள் கருவிகளைப் பொருத்தும் பட்டையில்) மாட்டும் வசதி, எல்லாம் சரி. அழைத்தால் எடுக்கிறது, இணைப்பு விளக்கு எரிகிறது, ஆனால் தரவு முழுக்கப் பிழை. கேபிளை மாற்றினோம், பிஎல்சியை மாற்றினோம். இரண்டு வாரம் போனது. காரணம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், விவரக்குறிப்பு அட்டவணையில் ஒரே வரியாக இருந்தது: எழுத்து நீளம் 10 பிட்.

பிஎல்சியோடு நாங்கள் பேசியது மோட்பஸ் ஆர்டியு என்ற தரவுப் பரிமாற்ற முறையில். அதில் ஓர் எழுத்து என்பது தொடக்கத்தைக் காட்டும் ஒரு ஸ்டார்ட் பிட், எட்டு தரவு பிட், பிழையைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு பேரிட்டி பிட், முடிவைக் காட்டும் ஒரு ஸ்டாப் பிட், ஆக 11. பேரிட்டி வேண்டாமென்றால் இரண்டு ஸ்டாப் பிட் வைக்கச் சொல்கிறது விதிமுறை, அப்போதும் 11தான். கணினி உலகில் எட்டு தரவு, பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் என்று 10 பிட்டே வழக்கம் என்பதால் பல மோடம்கள் அதோடு நின்றுவிடுகின்றன. பிஎல்சியை 10 பிட்டுக்கு மாற்றியிருக்கலாம். ஆனால் அதே ஆர்எஸ்-485 கம்பியில் (பல கருவிகளை ஒரே இணைப்பில் கோக்கும் கம்பி) தொங்கிய மின் மீட்டர் ஈவன் பேரிட்டியை (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் வகை) தவிர வேறெதையும் ஏற்காது. ஆகவே விற்பனையாளர்களிடம் கேட்கும் முதல் கேள்வியாக இதை வைத்தோம்: எட்டு தரவு, ஈவன் பேரிட்டி, ஒரு ஸ்டாப், இதை மாற்றாமல் கடத்துமா? "எல்லாம் சப்போர்ட் பண்ணும்" என்று சொன்னவர்களிடம் எழுத்தில் கேட்டோம். பாதிப் பேர் அதோடு பதிலே போடவில்லை.

11 பிட் மோடம் கிடைத்த பிறகும் பத்தில் ஒரு பதில் உடைந்து வந்தது. மோட்பஸ் ஆர்டியுவில் செய்தியின் முடிவைக் காட்டுவது மௌனம்தான். மூன்றரை எழுத்து நேரம் அமைதி என்றால் செய்தி முடிந்தது. நடுவில் ஒன்றரை எழுத்துக்கு மேல் இடைவெளி விழவே கூடாது. 9600 பிபிஎஸ்ஸில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 1.15 மில்லிநொடி ஆகும் என்பதால், நடுவில் 2 மில்லிநொடி தயங்கினாலே செய்தி செல்லாமல் போகலாம். வி.42 என்ற தரத்தின் பிழைதிருத்தத்தில் மோடம் தரவைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது, கம்பியில் இரைச்சல் வந்தால் திரும்பவும் அனுப்புகிறது. எழுத்து ஒன்றும் தொலையாது, ஆனால் நடுவில் இடைவெளி விழும்.

நல்லது என்று நினைத்து வாங்கிய வசதியை அணைக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் மோட்பஸ்ஸிலேயே ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் சிஆர்சி (பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) இருக்கிறது. பிழை வந்தால் மாஸ்டர் (கேள்வி கேட்கும் எங்கள் கட்டுப்பாட்டு அறைக் கணினி) திரும்பக் கேட்கும். அந்த வேலையை மோடமும் செய்யத் தேவையில்லை. பிழைதிருத்தத்தையும் தரவுச் சுருக்கத்தையும் அணைத்து, நேரடி முறையில் (தரவைப் பொட்டலமாக்காமல் வந்தபடியே அனுப்பும் முறையில்) வி.32 தரம், 9600 வேகம் என்று பூட்டினோம். நேரடி முறையில் சீரியல் போர்ட்டின் வேகமும் தொலைபேசி இணைப்பின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதை மறக்கக்கூடாது. மாஸ்டரின் காத்திருப்பு நேரத்தை மூன்று நொடியாக உயர்த்தினோம். ஒரே கேள்வியில் 125 ரெஜிஸ்டர் வரை கேட்கலாம் என்பதால் சிதறிக்கிடந்த முகவரிகளை ஒரே தொகுதியாக்கினோம். அந்த வாரத்தோடு உடைந்த பதில்கள் ஏறக்குறைய நின்றன.

பிஎல்சி போர்ட்டில் அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, கிரவுண்ட் என்று மூன்றுதான். ஆகவே டிடிஆரை (கருவி தயார் என்று காட்டும் தனிக் கம்பி) கண்டுகொள்ளாதே என்றும், பாய்வுக் கட்டுப்பாடு (நிறுத்து, அனுப்பு என்று சொல்லும் ஏற்பாடு) வேண்டாம் என்றும் மோடத்துக்குச் சொல்ல வேண்டும். எக்கோவையும் (வந்த எழுத்தைத் திருப்பி அனுப்புவது) மோடத்தின் பதில் சொற்களையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணி அடிக்கும்போது மோடம் அனுப்பும் எழுத்துகள் பிஎல்சிக்குக் குப்பையாகப் போய்ச்சேரும். இணைப்பு பாதியில் அறுந்தால் தானே லைனை விடுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு மாதிரியிலும் அழைப்பின் நடுவே கம்பியைப் பிடுங்கிப் பார்த்தோம். தனியார் எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போன ஒரு நிலையத்தில் டயல் டோன் வேறுவிதமாக ஒலித்ததால், டோனுக்காகக் காத்திராதே என்ற கட்டளையும் தேவைப்பட்டது.

வெப்பநிலை வரம்பில் சமரசம் வேண்டாம். மூடிய பேனலுக்குள் வெளிச் சூட்டைவிட அதிகம் ஏறும். 70 டிகிரி வரை உத்தரவாதம் உள்ளதையே எடுத்தோம்.

பாதுகாப்பு பற்றி முதலில் நாங்கள் போதிய அளவு யோசிக்கவில்லை. எண் யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டோம். 1997 மார்ச்சில் அமெரிக்காவின் வுஸ்டரில் ஒரு சிறுவன் தொலைபேசி வலையின் கருவியொன்றுக்குள் மோடம் வழியாக நுழைந்து அதை முடக்கியதில், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஆறு மணி நேரம் தொலைபேசி இல்லாமல் போனது. அதைப் படித்த பிறகு கடவுச்சொல்லோடு திரும்ப அழைக்கும் வசதியையும் கட்டாயமாக்கினோம். சரியான கடவுச்சொல் வந்தாலும் மோடம் லைனை வைத்துவிட்டு, தன்னிடம் பதிந்துள்ள எண்ணுக்கு மட்டுமே அழைக்கும். பிஎல்சியின் சாவியையும் ரன் (இயங்கும்) நிலையில் பூட்டினோம்.

கடைசியாகச் சேர்த்தது இடிதாங்கி. மோடத்துக்குள்ளேயே தனிமைப்படுத்தல் இருந்தாலும், தொலைபேசிக் கம்பி பேனலுக்குள் நுழையும் இடத்தில் வாயுக் குழாய் கொண்ட காப்பான் ஒன்றைத் தனியாக வைத்து, அதன் எர்த்தைக் குட்டையான, தடித்த கம்பியால் பேனலின் எர்த் பட்டையோடு சேர்த்தோம். அடுத்த மழைக்காலத்தில் மலையடிவார நிலையத்தருகே இடி விழுந்தது. அதே எலக்ட்ரீஷியன் போய்க் கருகிப்போன காப்பானைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, "சார், இப்போ அடிச்சுப் பாருங்க" என்றார். இரண்டாவது மணியில் மோடம் எடுத்தது.