கோல்ஃப் பந்தை கிரீனிலிருந்து பின்னோக்கித் தேர்ந்தெடுங்கள்

கோல்ஃப் பந்து டப்பாவில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் தூரம்தான். ஆனால் தூரத்துக்கு விதிகளே வேலி போட்டிருக்கின்றன. கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ ஆகிய இரு அமைப்புகளின் விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. கிளப்பை (மட்டையை) விட்டுக் கிளம்பும் வேகத்துக்கும் சோதனையில் போகும் தூரத்துக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு. பெரிய நிறுவனங்களின் நல்ல பந்துகள் பலவும் அந்த வரம்பை ஒட்டியே நிற்கின்றன. அதனால் சாதாரண ஆட்டக்காரர் நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரால் அடிக்கும்போது ஒரு பந்துக்கும் இன்னொன்றுக்கும் சில யார்டு வித்தியாசம் இருக்கலாம், அவ்வளவுதான். பெரிய வித்தியாசம் தெரிவது கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடத்துக்கு, 50 யார்டுக்குள். அங்கே அதைத் தீர்மானிப்பது பந்தின் மேலோடு.

விலை குறைந்த இரண்டு அடுக்குப் பந்தில் நடுவே ரப்பர் உருண்டை, மேலே அயனோமர் ஓடு. சர்லின் என்று சொல்வதும் அந்த வகைதான். விலை கூடிய பந்தில் ரப்பர் உருண்டை, அதைச் சுற்றி ஒன்றிரண்டு கெட்டி அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய யுரேதேன் ஓடு. பந்தைத் தூக்கி அடிக்கும் குறுந்தூர மட்டையான வெட்ஜால் மெதுவாகத் தட்டும்போது உள்ளே இருக்கும் உருண்டை அவ்வளவாக நசுங்குவதில்லை. வெட்ஜின் வரிப்பள்ளத்துக்கும் உள்ளே இருக்கும் கெட்டி அடுக்குக்கும் நடுவில் மேலோடு மட்டும் மாட்டிக்கொள்கிறது. மிருதுவான யுரேதேன் பள்ளத்தைக் கவ்விப் பிடிப்பதால் பந்து தாழ்வாகக் கிளம்பி, நல்ல பின்சுழற்சியோடு விழுந்து, ஒன்றிரண்டு துள்ளலில் நிற்கும். கெட்டியான அயனோமர் கிளப் முகத்தில் வழுக்கி மேலேறும். அதனால் உயரமாகக் கிளம்பும், சுழற்சி குறையும், விழுந்த பிறகு ஓடும். குழியில் நட்ட கொடிக்கு முன்னால் மணல்குழி இருந்து, கொடிக்குப் பின்னால் இடம் குறைவாக இருந்தால் இந்த ஓட்டத்தால் உங்கள் கணக்கில் ஒரு ஷாட் கூடிவிடும்.

டிரைவரில் கதை வேறு. மொத்தப் பந்தும் அரை மில்லி விநாடிக்கு அப்பளம் போல நசுங்குகிறது. உள்ளே மிருது, வெளியே கெட்டி என்ற அமைப்பு அந்த நேரத்தில் சுழற்சியைக் குறைக்கிறது. டிரைவரில் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று, முழு வெட்ஜ் அடியில் 9,000க்கும் மேல் என ஒரே பந்து இரண்டு குணம் காட்டுவது அடுக்குகளால்தான். முன்பு தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடிய, ரப்பர் நூல் சுற்றி பலாட்டா என்ற மிருதுவான ஓடு போட்ட பந்து டிரைவரிலும் அதிகமாகவே சுழன்றது. அயர்ன் என்ற உலோகத் தகட்டு மட்டையின் விளிம்பு பட்டால் மேலோடு கிழிந்தும் போகும். 2000இல் டைகர் வுட்ஸ் நூல் சுற்றாத அடுக்குப் பந்தோடு பெபிள் பீச்சில் யுஎஸ் ஓப்பனை 15 ஷாட் வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 என்ற அடுக்குப் பந்து வந்தது. பிறகு நூல் பந்து சில வருடங்களிலேயே மறைந்தது.

மேற்பரப்பில் உள்ள குழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழவழப்பான பந்து, குழியுள்ள பந்து போகும் தூரத்தில் பாதியளவுதான் போகும். குழிகள் பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு வருவதால், பின்னால் இழுக்கும், காற்றழுத்தம் குறைந்த பகுதி சிறுத்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்தால் ஆடியவர்கள், அடிபட்டுக் கீறல் விழுந்த பந்து புதுப்பந்தைவிட நன்றாகப் பறப்பதைக் கவனித்தார்கள். அதன் பிறகுதான் வேண்டுமென்றே கோடு கிழித்தார்கள். 1905இல் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் குழிகளுக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று பெரும்பாலும் 300 முதல் 400 குழிகள், ஆழம் கால் மில்லிமீட்டர் அளவில். இந்த ஆழத்தில் நூலிழை மாறினாலும் பந்து ஏறும் உயரம் மாறும். எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் வாங்குவதில் பயனில்லை. சேறு ஒட்டினால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே விளங்கும்: வலப்பக்கம் சேறு இருந்தால் பந்து பொதுவாக இடப்பக்கம் திரும்பும். கார்ட் பாதைக் கான்கிரீட்டில் உரசிச் சொரசொரப்பான பந்தைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மெதுவாக அடிப்பவருக்கு மிருதுவான பந்துதான் தூரம் போகும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இதை நான் ஏற்பதில்லை. பந்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் கம்ப்ரெஷன் எண் குறைந்தால் பந்தின் வேகம் சற்றுக் குறையுமே தவிர அதிகமாகாது. வேகமாக அடிப்பவருக்கு அந்த இழப்பு அதிகம். மிருது என்று கை உணர்வதில் பெரும்பங்கு காதில் விழும் சத்தம். அந்தச் சத்தம் பிடித்தால் தாராளமாக ஆடுங்கள். தூரத்துக்காக என்று மட்டும் வாங்காதீர்கள்.

இரண்டு மாடல்களை ஒப்பிட, ஒவ்வொன்றிலும் மூன்று புதுப்பந்து போதும். முதலில் 10 அடி தூரத்திலிருந்து பட், அதாவது கிரீனில் பந்தை உருட்டி அடிப்பது. அடுத்து 20 யார்டு சிப் (தாழ்வாக எழுப்பி ஓடவிடும் அடி), பிறகு 50 யார்டு பிட்ச் (உயரமாக எழுப்பும் அடி). பந்து விழுந்த இடத்திலிருந்து நின்ற இடம் வரை காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன் வெட்ஜின் பள்ளங்களைத் துடைக்க வேண்டும். புல்லோ ஈரமோ நடுவில் புகுந்தால் யுரேதேனும் வழுக்கும், சோதனை பொய்த்துவிடும். காலைப் பனி காய்ந்த பிறகு செய்வது நல்லது. அதன்பின் 8ஆம் நம்பர் அயர்ன். டிரைவர் கடைசி.

ஒரு சுற்றில் நாலைந்து பந்து தொலைப்பவருக்கு விலை கூடிய யுரேதேன் பந்துச் செலவு இப்போது வேண்டாம். பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவதுதான் அவர் தொல்லை என்றால், சுழற்சி குறைந்த அயனோமர் பந்து வளைவைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் எந்தப் பந்தானாலும் மைதானத்தின் 18 குழிக்கும் அதே மாடலில் ஆடுங்கள். பையில் நாலு விதம் கலந்து கிடந்தால், 20 யார்டு சிப் எவ்வளவு ஓடும் என்று கை ஒருபோதும் பழகாது.