ஒற்றைத் தோட்டுக்கு ஒரு ஜோடி

4 ஜூன் 2023, ஞாயிறு, சுங்கை சிப்புட், மலேசியா

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். பாட்டியின் ஏழு கல் சிவப்புத் தோட்டை அவள் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார வேண்டும் என்று அம்மா இன்று காலை சொன்னபோது எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஜோடியில் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்துவிட்டுப் பட்டணத்து வீட்டுக்குச் சாமான்களை ஏற்றிய நாளில் மற்றது தொலைந்தது. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறிய 1951ஆம் ஆண்டு வாக்கில், பால்மரம் சீவி மிச்சம் பிடித்த காசில் கூட்டுச் சீட்டு கட்டி, பாட்டி தன் பெயரில் வாங்கிய முதல் பொருள் அது. செய்துகொடுத்த பத்தரும் இல்லை. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டதால் பட்டறையும் இல்லை. தொலைந்த ஒன்றை இணையத்தின் வழியாகவே ஒருவரிடம் செய்யக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

7 ஜூன், புதன்

தோட்டின் படத்தை மூன்று பேருக்கு அனுப்பியிருந்தேன். முதலாமவர் இரண்டே நிமிடத்தில் ஒரு மொத்த விலையைச் சொன்னார். இரண்டாமவர் அச்சு அசலாகச் செய்து தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பட்டறை வைத்திருக்கும் மூன்றாமவர் விலையே சொல்லவில்லை. "அக்கா, தோட்டின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்" என்றார். கல்லின் பின்புறம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா, தண்டின் கனம் எவ்வளவு, திருகாணி எத்தனை சுற்றில் இறுகுகிறது, கல்லின் மேல்பக்கம் தட்டையா, உருண்டையா என்று வரிசையாகக் கேட்டார். இவரிடம்தான் கொடுக்கப் போகிறேன். முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு நகைக்கு விலை சொல்லக்கூடியவர், முன்பக்கத்தை மட்டுமே செய்வார் என்பது என் எண்ணம்.

11 ஜூன், ஞாயிறு

பக்கத்து மோட்டார் பட்டறையில் இரவல் வாங்கிய வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். முகப்பின் குறுக்களவு 11.2 மில்லிமீட்டர்; கல்லோடு எடை 2.84 கிராம். படம் எடுப்பதிலும் ஒரு பாடம் கற்றேன். கைப்பேசியை மிக அருகில் கொண்டுபோனால் நடுப்பகுதி பருத்துத் தெரிகிறது; கொஞ்சம் தள்ளி நின்று, நேர் மேலிருந்து, தோட்டின் முகப்பு இருக்கும் அதே உயரத்தில் அளவுச்சட்டத்தையும் வைத்து எடுத்தால்தான் அந்தப் படம் செய்பவருக்கு உதவும்.

நேற்று ஈப்போவில் ஒரு நகைக்கடையில் எக்ஸ்ரே கருவியில் வைத்துத் தரம் பார்த்தோம். முகப்பில் பொன் 88 விழுக்காடு, தண்டு பற்றவைத்த இடத்தில் 84. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பாட்டியை யாரோ ஏமாற்றிவிட்டதாக அவர் நினைக்கக் கூடாது என்பதற்காக, பற்றவைக்கும் பொடி நகையின் பொன்னைவிட முன்னதாக உருக வேண்டும், அதற்காக அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ப்பார்கள், ஆகவே பழைய கைவேலை நகையில் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தரம் இறங்கித்தான் காட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இதனால் ஒரு புதிய சிக்கல். புதியதை 22 காரட்டில், 916 முத்திரையோடு செய்தால் நிறம் ஒத்துப்போகுமா? பிரிக்பீல்ட்ஸ் பட்டறைத் தம்பியிடம் கேட்டேன். 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்பதை மட்டுமே சொல்கிறது, மீதி 84 பங்கில் வெள்ளியைக் கூட்டினால் மஞ்சள் வெளுக்கும், செம்பைக் கூட்டினால் சிவப்பு ஏறும், ஆகையால் தரத்தைக் குறைக்காமலே பழைய நிறத்துக்கு அருகில் கொண்டுவர முடியும் என்றார். இதை அறிந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

14 ஜூன், புதன்

தம்பியிடமிருந்து விலை எழுத்தில் வந்தது: செய்து முடித்தபின் கல் நீக்கிய பொன் எடை, முன்பணம் கட்டிய நாளின் விலை, செய்கூலி 450 ரிங்கிட், கல்லுக்குத் தனிக்கணக்கு. கல்லின் எடையைப் பொன்னோடு சேர்த்துவிடக் கூடாது என்பதையும், சேதாரம் செய்கூலிக்குள் அடங்கும் என்பதையும் நான் கேட்டு எழுதி வாங்கினேன். நிறுவனப் பதிவு எண்ணையும் கேட்டேன். இணையத்தில் விற்பவர்கள் அதை வெளியிட வேண்டும் என்று மலேசிய விதிமுறைகளே சொல்கின்றன. அவர் முகம் சுளிக்காமல் அனுப்பினார்.

17 ஜூன், சனி

பாட்டியின் தோட்டை அஞ்சலில் அனுப்ப மனம் ஒப்பவில்லை. இடிஎஸ் மின்ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் போய் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்துபோய் நேரில் காட்டினேன். தம்பி லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். நடுக்கல்லுக்குள் வளைந்த மெல்லிய கோடுகள் தெரிந்தன. நுண்ணிய குமிழ்களும் இருந்தன. பூமியில் விளைந்த கெம்பில் இப்படி வளைந்த கோடுகள் இருக்காது, இது தீச்சுடரில் உருக்கி வளர்த்த கல் என்றார். பிரெஞ்சுக்காரரான வெர்னேய் 1902இல் வெளியிட்ட முறை அது. பாட்டி தோடு செய்த காலத்துக்குள் அந்தக் கற்கள் எங்கும் பரவியிருந்தன.

பர்மா கல் என்றுதான் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ரயிலில் திரும்பும்போது அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால், மழை நாளில் வேலையில்லாமல் சம்பளம் குறைந்தபோதும் தவறாமல் அவர் கட்டிய சீட்டுப் பணத்தில் ஒரு காசுகூட இந்தக் கோடுகளால் குறைந்துவிடவில்லை. புதிய தோட்டுக்கு விளைந்த கெம்பு வைக்கலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம், அதே வகைக் கல்லையே வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

2 ஜூலை, ஞாயிறு

கணினியில் வரைந்த படம் வந்தது. நடுக்கல்லைச் சுற்றி ஆறு கற்களும் இம்மியும் பிசகாமல் சம இடைவெளியில் நிற்கின்றன. பாட்டியின் தோட்டிலோ மேலிருந்து இரண்டாவது கல் சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வையும் வரைந்துவிடட்டுமா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன். "அது இந்தத் தோட்டோட கோணல், தொலைஞ்சதோட கோணல் வேற" என்றார் அம்மா. தொலைந்ததின் கோணல் யாருக்கும் நினைவில்லை. இல்லாததைக் கற்பனை செய்து புகுத்துவதைவிடச் சீராகவே இருக்கட்டும் என்று எழுதினேன்.

இதை மெழுகில் உருவாக்கி, அந்த மெழுகு இருந்த இடத்தில் பொன்னை உருக்கி வார்க்கப் போகிறார். 22 காரட்டுக்கு மெழுகின் எடையைப் போல் ஏறத்தாழ 18 மடங்கு பொன் ஆகுமாம். மெழுகு 0.13 கிராம் என்றதும் நானே பெருக்கிப் பார்த்துக்கொண்டேன்: 2.34. தண்டையும் திருகாணியையும் மட்டும் கையால் செய்து பற்றவைப்பார்.

29 ஜூலை, சனி

பட்டறைக்கு மறுபடியும் நேரில் போய் வாங்கி வந்தேன். தராசில் வைத்தபோது, எழுதித் தந்த எடையும் காட்டிய எடையும் ஒன்றாக இருந்தன. 916 முத்திரை தண்டின் ஓரத்தில் இருக்கிறது. நிறம் பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகிறது. குழல்விளக்கின் கீழ் புதியது கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது. முகப்பை மங்கலாக்கித் தருவதாகச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன்.

ஒரு குறை. பழைய திருகாணி புதிய தண்டில் ஏறவில்லை; புதியது பழையதில் ஏறவில்லை. அந்தக் காலத்தில் மரை (திருகின் சுற்றுவரி) போடுவது கைவேலை என்பதால், அதே மரையை இன்று பிடிக்க முடியவில்லை என்று தம்பி வருத்தத்தோடு சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதையும், கல்லைப் பற்றியும் சேர்த்தே சொன்னேன். அம்மா தோட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு தையல் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு சிவப்பு நூலை எடுத்துப் பழைய திருகாணியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பாட்டியும் வலக்காதுத் திருகாணிக்கு இப்படித்தான் நூல் கட்டி வைத்திருந்தாராம்.